ஃப்ளாரன்ஸ் கலைக்கு மெடிசி மட்டும் போதாது

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்து 15-ம் நூற்றாண்டுக் கலை என்றாலே, வங்கித் தொழிலில் பணம் குவித்த மெடிசி குடும்பத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்துக் கோசிமோ தன் பணத்தில் சான் மார்க்கோ மடத்தைப் புதுப்பித்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் கலைக்கு வேலை கொடுத்த வணிகச் சங்கங்களையும், அன்று எழுதப்பட்ட கறாரான ஒப்பந்தங்களையும் விட்டுவிட்டு எழுதுவது பாதி வரலாறுதான்.

அந்த ஊரின் ஓர்சன்மிக்கேலே கட்டடத்தைப் பாருங்கள். தானியச் சந்தையாக இருந்த இடம். வெளிச்சுவரில் சிலை வைப்பதற்காகக் குடைந்த மாடங்கள் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. பல மாடங்கள் காலியாகவே கிடந்ததால், 10 ஆண்டுக்குள் சிலை வைத்தாக வேண்டும் என்று 1406-ல் நகர அரசு கெடு விதித்தது. துணி வணிகர்களின் கலிமாலா சங்கம் சிற்பி கிபெர்த்தியைக் கொண்டு வெண்கலத்தில் திருமுழுக்கு யோவான் சிலையை வார்த்தது. பளிங்கை விட வெண்கலத்துக்குப் பல மடங்கு செலவு. அடுத்து வங்கியாளர் சங்கம் 1419-ல் அதே கிபெர்த்தியிடம் மத்தேயு சிலைக்கு ஒப்பந்தம் போட்டது: யோவானுக்குக் குறையாத உயரம், தலை ஒரே வார்ப்பு, உடல் ஒன்று அல்லது இரண்டு துண்டு, எடை 2,500 ராத்தலைத் தாண்டக்கூடாது. அவ்வளவு பெரிய அச்சில் உலோகம் எல்லா இடத்துக்கும் ஓடி நிரம்புவது லேசான வேலையில்லை. முதல் வார்ப்பு சரியாக வராமல் மறுபடி வார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலையை மேற்பார்த்த குழுவில் கோசிமோவும் இருந்தார், சங்க உறுப்பினர்களில் ஒருவராக! இதைப் பார்த்த கம்பளிச் சங்கம், நாம் பின்தங்கிவிட்டோம் என்று 1425-ல் தீர்மானம் போட்டுத் தன் பளிங்கு ஸ்தேவான் சிலைக்குப் பதில் வெண்கலம் வைத்தது. போட்டிதான் அந்தச் சுவரை நிரப்பியது.

ஓவியத்திலும் இதே கறார்தான். பட்டுச் சங்கத்தின் ஆதரவில் நடந்த இன்னொசென்டி அநாதைக் குழந்தைகள் விடுதிக்காக ஓர் ஓவியம் வரைய 1485 அக்டோபரில் ஓவியர் கிர்லாந்தாயோவோடு எழுதிய ஒப்பந்தத்தைப் படித்தால் அசந்துபோவீர்கள். மொத்தம் 115 ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு), மாதம் 3 ஃபுளோரினாகப் பட்டுவாடா, 30 மாதத்தில் முடிக்க வேண்டும். தாளில் வரைந்து காட்டியபடியே இருக்க வேண்டும். நிறமும் தங்கப் பொடியும் ஓவியன் செலவு. நீலம் மட்டும் அவுன்ஸ் சுமார் 4 ஃபுளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரீன் என்ற உயர்ரக நீலமாக இருக்க வேண்டும்.

ஏன் நீலத்துக்கு மட்டும் விலை குறித்தார்கள்? கணக்குப் போட்டால் புரியும். 29 அவுன்ஸ் வாங்கினாலே மொத்தத் தொகையும் காலி. இந்த நீலத்தைச் செய்ய, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் லசுலி என்ற நீலக் கல்லை இடித்து, பிசின், மெழுகோடு பிசைந்து சில நாள் ஊறவிட்டு, வெதுவெதுப்பான காரநீரில் பிழிந்தெடுப்பார்கள். முதல் பிழிவு ஆழ்ந்த நீலம். போகப் போக வெளிறி, கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். நிறச் செலவு ஓவியன் தலையில் என்றால் கடைசிப் பிழிவையோ, மலிவான செம்புத்தாது நீலமான அசுரைட்டையோ பூசத் தோன்றும். அந்த ஆசைக்குத்தான் இந்த நிபந்தனை அணை போட்டது.

இதெல்லாம் கலைஞனை நசுக்கிய நிபந்தனைகள் என்று சொல்பவர்கள் உண்டு. வேலை விலைக்குத் தகவில்லை என்று பட்டால் தொகையைக் குறைக்கும் உரிமை வாங்குபவரிடமே இருந்தது, அது கடுமைதான். ஆனால் தாமதமானால் ஓவியனுக்கு 15 ஃபுளோரின் அபராதம் என்று எழுதிய அதே தாளில், மாதத் தவணையை வாங்குபவரான நாங்கள் தவறவிட்டால் ஓவியம் முடிந்ததும் மீதி முழுவதையும் ஒரே தடவையில் கொடுப்போம் என்றும் எழுதியிருக்கிறது.