சொட்டுவது கோளாறு அல்ல
படகின் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் நீர் உள்ளே வராமல் தடுப்பது ஸ்டஃபிங் பாக்ஸ். அதன் நட்டை "ஒரு சொட்டுகூட வராதபடி இறுக்குங்கள்" என்று சொல்வது தவறு. உள்ளே ஷாஃப்ட்டைச் சுற்றி அடைத்திருக்கும் மெழுகேற்றிய நார்ப் பேக்கிங்கைக் குளிர்விப்பதே அந்தச் சொட்டுதான். ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு விழட்டும். அதையும் அடைத்தால் பேக்கிங் கருகி இறுகி, ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழும். அப்புறம் எந்தப் புதுப் பேக்கிங்கும் நீரை நிறுத்தாது. கொஞ்ச நேரம் கியரில் ஓட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு நட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் உடனே தளர்த்துங்கள்.

பழசின் மேலேயே புதுசைத் திணிப்பதும் வேண்டாம். அடியில் ஒட்டிக்கிடக்கும் கடைசி வளையம்வரை கொக்கியால் எடுத்துவிடுங்கள். சுருளாகச் சுற்றாமல் தனித்தனி வளையங்களாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒரே நேராக வராதபடி திருப்பி வையுங்கள். சொட்டே தேவைப்படாத நவீனப் பேக்கிங் வேறு. அதற்குச் சொல்லும் சொட்டு அளவை இந்த நார்ப் பேக்கிங்குக்குப் பொருத்தாதீர்கள்.