சுபாரியர் மொழியும் சமஸ்கிருதமும்

ஒரு நண்பர், சுபாரியர் (பண்டைய மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் பகுதிக்கு, வடக்கே வாழ்ந்தவர்கள்) பேசியது சமஸ்கிருதத்தின் பழைய வடிவம் என்றும், இன்றைய வடக்கு சிரியா பகுதியில் இருந்த மித்தன்னி அரசின் ஒப்பந்தத்தில் இந்திரன், வருணன் பெயர்கள் வருவதே சான்று என்றும் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்திருப்பதால் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தெய்வப் பெயர்கள் உண்மைதான். கி.மு. 14ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட் மன்னர் சுப்பிலுலியூமாவும் மித்தன்னியின் சத்திவாசாவும் செய்த ஒப்பந்தம் அது. ஆனால் அது எழுதப்பட்டது மெசபடோமியாவின் பழைய மொழியான அக்காடியத்தில். ஹிட்டைட் வடிவமும் உண்டு. சாட்சியாக அழைக்கப்படும் தெய்வங்களின் நீண்ட பட்டியலில் இந்திரனும் வருணனும் ஒரு சிறு பகுதிதான்.

சுபார்த்து என்பது மெசபடோமியர்கள் தங்களுக்கு வடக்கே இருந்த நாட்டுக்கு வைத்த பெயர். முன்பு ஆய்வாளர்கள் சுபாரியம் என்று குறித்த மொழியைத்தான் இன்று ஹுரியன் என்கிறோம். அது இந்தோ-ஐரோப்பிய மொழியும் அல்ல, அரபு, எபிரேயம் சேர்ந்த செமிட்டிக் குடும்பமும் அல்ல. அதற்கு உறுதியான உறவுமொழி, ஆர்மீனியப் பகுதியின் பழைய மொழியான உரார்த்தியன் ஒன்றுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். ஹுரியனில் இரண்டு 'ஷின்', மூன்று 'கிக்', நான்கு 'தும்னி'. இதில் எங்கே சமஸ்கிருதத்தின் துவி, திரி, சதுர்? மித்தன்னியைச் சேர்ந்த கிக்குலியின் குதிரைப் பயிற்சிக் குறிப்புகளில் சமஸ்கிருதம் போன்ற 'ஐக' (ஒன்று), 'பஞ்ச' (ஐந்து) வருகிறதே என்பீர்கள். சரி, வருகிறது, ஆனால் ஹிட்டைட் மொழி நூலுக்குள் கலைச்சொற்களாக மட்டும். கடன்சொல்லை வைத்து மொழிக்குடும்பத்தை முடிவு செய்ய முடியாது. முழு ஹுரியன் வாக்கியங்களைப் பார்க்க, மித்தன்னி மன்னர் துஷ்ரத்தா எகிப்துக்கு எழுதிய அமர்னா கடிதம் 24ஐ (எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில் ஒன்று)த் தேடுங்கள். 400 வரிகளுக்கு மேல் உள்ள அந்தக் களிமண் பலகை பெர்லினில் இருக்கிறது, எழுத்துப்பெயர்ப்பும் கிடைக்கும்.