வாசலில் ஒரு மேசையும் இருக்கிறது

பல ஆண்டுகள் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகியிருந்தவர்கள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும், கதவு திறந்தேதான் இருக்கிறது என்கிறார், திருச்சபைக்குத் திரும்புவதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர். கதவு திறந்திருப்பது உண்மைதான். ஆனால் என்னைப் போலப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு அந்த வாசலில் ஒரு மேசையும் கோப்பும் இருக்கின்றன. அதையும் சொல்லியிருக்கலாம்.

அப்பாவின் அடக்கத்தன்று, தேவாலயத்துக்கு எங்கள் குடும்பம் கட்ட வேண்டிய கோயில் வரிப் பாக்கியைக் கணக்குப் பார்த்தார்கள். அன்று வெளியேறியவன் 19 ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பினேன். ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்பதால் அதில் சிக்கலில்லை. கோயிலில் நடக்காத பதிவுத் திருமணம்தான் இழுத்தது. மனைவி இந்து, ஆகவே ஆயரிடம் (பிஷப்) விதிவிலக்கு வாங்க வேண்டும். பழைய பங்குக் கோயிலிலிருந்து புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். மனைவி மதம் மாற வேண்டியதில்லை. இதைப் பலர் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் கைக்கு வந்தபின் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டேன். பாவங்களுக்கு வருந்திச் சொல்லும், சிறுவயதில் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப மந்திரம் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. என் வயதில் பாதிகூட இல்லாத சாமியார், பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையை நீட்டினார். கண்ணாடி சட்டைப்பையில் இல்லை. அவரே ஒவ்வொரு சொற்றொடராக வாசித்தார். முதல் வகுப்புப் பையனைப் போலத் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் மாலை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கோயில் திருமணம். மோதிரத் தட்டை ஏந்தியவள் எங்கள் மூத்த மகள்.

அந்த வரிப் பாக்கியை இன்னும் கட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.