கிராங்க் பாலன்ஸ் மட்டும் போதாது
கிராங்க்ஷாஃப்டை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பாலன்ஸ் செய்தால் பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் நடுக்கம் அடியோடு நின்றுவிடும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது, அது சரியில்லை. அந்தக் கால டிரயம்ப், பிஎஸ்ஏ, நோர்ட்டனில் கிராங்க் 360 பாகை, இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கிராங்கில் பிஸ்டன் எடையைச் சமன்செய்ய வைக்கும் எதிர்ப்பாரத்தைக் கூட்டினால் மேல்-கீழ் அதிர்வு குறைந்து முன்-பின் அதிர்வு கூடும், அவ்வளவுதான். அதனால்தான் நோர்ட்டன் 1967இல் கொமாண்டோ மாடலில் எஞ்சினையே ரப்பரில் பொருத்தியது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறாதபடி கிராங்கை 277 பாகைக்கு மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்; அது அருமையான வேலை, யமஹா எக்ஸ்எஸ்650க்குப் பலர் செய்கிறார்கள். ஆனால் கிராங்கைப் பிரித்துத் திருப்பிப் பொருத்துவதோடு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இக்னிஷன் இரண்டையும் மாற்ற வேண்டும். எங்கட மாமாவின் டிரயம்பில் மட்டக்களப்பு-கல்முனை வீதியில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே கை விறைத்துவிடும். கராஜில் டாங்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் ஹெட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் தகடே இல்லை, கீழே போல்ட் துளைகள் முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. துளைகளைச் சரிசெய்து, தகடு வெட்டிப் பூட்டி, தீப்பொறி நேரத்தை முடிவுசெய்யும் இரண்டு பொயின்ட்டுக்கும் தனித்தனியாக டைமிங் வைத்தபிறகு ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. கிராங்கைத் தொடவே இல்லை. எஞ்சினைப் பிரித்துக் காசைக் கொட்டுமுன் தயவுசெய்து அந்த போல்ட்டுகளைப் பாருங்கள்.