எந்தச் செல், எந்த விலங்கு, எவ்வளவு நேரம்?

"எலிகளில் அழற்சி அடியோடு குறைந்தது" என்று ஒரு தலைப்பு வந்துவிட்டால் போதும், நாளைக்கே மருந்து கைக்கு வந்துவிடும் என்பது போலப் பகிர ஆரம்பித்துவிடுகிறோம். இந்த வாரம் மட்டும் மூன்று நண்பர்கள் அப்படிப்பட்ட செய்திகளை அனுப்பி, "நம்பலாமா?" என்று கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமி நுழைந்தாலோ அடிபட்டாலோ அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாவதுதான் அழற்சி. அப்போது செல்கள் வெளியே விடும் சின்னச் சின்னப் புரதங்கள்தான் அழற்சி சைட்டோகைன்கள். டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று நிறைய உண்டு. இந்தச் சைட்டோகைன்கள் செல்லுக்குள் போய் வேலை செய்வதில்லை. செல்லின் வாசலில் சேதி வாங்க நிற்கும் புரதமான ஏற்பியைப் பிடிக்கும், அவ்வளவுதான். சேதியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பெரும்பங்கு கைனேஸ்கள் என்ற நொதிகளுடையது. செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துண்டு ஒன்றை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் கைனேஸின் தொழில். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் நடத்தை மாறிவிடும். 1950களில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் முயலின் தசையை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1992ல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002ல் கணக்கெடுத்தார்கள்.

நான் சில வருடங்கள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அங்கே கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதச் செல்கள் வளரும் தட்டுகளில் டிஎன்எஃப் விட்டு, 5, 15, 30, 60 நிமிடங்களில் ஒவ்வொரு தட்டாக எடுத்துச் செல்களை உடைத்து, வெஸ்டர்ன் பிளாட் (ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் படலத்தில் கோடாகக் காட்டும் சோதனை) போடுவோம். தேடுவது ஐ-கப்பா-பி என்ற புரதத்தை. என்எஃப்-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் உட்கருவுக்குள் போய்விடாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான். டிஎன்எஃப் பட்டதும் ஐகேகே என்ற கைனேஸ் இதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டிய உடனே செல் இதைச் சிதைத்துவிடும். பிடி விட்டதும் என்எஃப்-கப்பா-பி உள்ளே போய் அழற்சி மரபணுக்களை எழுப்பும். படலத்தில் பார்த்தால், டிஎன்எஃப் விடாத தட்டில் கறுப்பாகத் தடிமனான ஒரு கோடு. 15வது நிமிடத்தில் வெறும் வெள்ளை. 60வது நிமிடத்தில் அதே கோடு மறுபடியும் நிற்கிறது. தட்டில் டிஎன்எஃப் இன்னும் அப்படியே இருக்கிறது! மாதிரிகளை இடம் மாற்றி வைத்துவிட்டேனோ என்று பயந்து திரும்பச் செய்தேன். அதேதான் வந்தது. என்எஃப்-கப்பா-பி எழுப்பும் மரபணுக்களில் ஒன்று ஐ-கப்பா-பியின் மரபணுவே. தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே திரிக்கிறது.

இன்னொரு நாள், செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்பட்டேஸ் தடுப்பானைச் சேர்க்க மறந்துவிட்டேன் (பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கும் நொதிகள்தான் பாஸ்பட்டேஸ்கள்). பாஸ்பேட் ஒட்டிய புரதம் தெரிய வேண்டிய இடம் எல்லாம் காலி. ஒட்டுவதற்கு ஒரு கூட்டம் இருப்பது போலப் பிய்த்தெடுக்கவும் ஒரு கூட்டம் ஓயாமல் வேலை செய்கிறது என்று புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் மனசில் பதிந்தது அன்றைக்குத்தான். அதனால்தான் "அழற்சியை ஒழிப்போம்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. உடல் அழற்சியை மூட்டும்போதே அணைக்கவும் ஆரம்பிக்கிறது. அணையாமல் போவதுதான் நோய்.

அணையாமல் போனால் என்ன ஆகும்? இன்சுலினின் சேதியும் பாஸ்பேட் வழியாகத்தான் போகிறது. இன்சுலின் ஏற்பியே ஒரு கைனேஸ். ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். டிஎன்எஃப் நீடித்து இருந்தால் ஜேஎன்கே என்ற கைனேஸ் கிளம்பி, அதே புரதத்தில் செரின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கும் இடங்களில் ஒட்டிவிடுகிறது. அதே புரதம், அதே பாஸ்பேட், ஒட்டிய இடம்தான் வேறு. அது போதும், இன்சுலின் சொல்வது செல்லுக்குச் சரியாகக் கேட்காமல் போக. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் அதிகம் இருப்பதை 1993ல் காட்டினார்கள்.

சரி, அப்படியானால் டிஎன்எஃபை முழுசாக அடைத்துவிடலாமே? மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு அப்படிப்பட்ட ஊசிகள் உண்டு, எத்தனையோ பேருடைய கைகளை முடங்காமல் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த ஊசி போடும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்வார்கள். நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரிய பங்கு. அதை எடுத்துவிட்டால் கிருமி விழித்துக்கொள்ளும்.

இப்போது எலி விஷயத்துக்கு வருகிறேன். மனிதனின் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனை எலியின் செல் மேல் விட்டால் ஒன்றுமே நடக்காது. மனிதனின் இன்டர்லூகின்-6 எலிச் செல்லில் வேலை செய்யும், எலியுடையது மனிதச் செல்லில் செய்யாது. இன்டர்லூகின்-8க்கான மரபணு எலியிடம் கிடையாது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை எலி நம்மைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தாங்கும். ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க எலியை விட்டுவிட்டு முயலைத் தேர்ந்தெடுத்தார்கள். முயலுக்கு நம்மைப் போலவே சட்டென்று காய்ச்சல் வரும்.

குரங்கு என்றால் சரியாக இருக்குமா? 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை (மருந்தாகச் சோதித்த ஓர் எதிர்ப்புப் புரதம்) ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல், அதாவது சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. தீவிர சிகிச்சைக்குப் போய் உயிர் பிழைத்தார்கள், ஒருவருக்கு விரல்கள் போயின. அந்த ஆன்டிபாடி பிடிக்கும் சிடி28 என்ற புரதம், மனிதனின் ஒருவகை நினைவு டி செல்களில் (முன்பு வந்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள்) இருக்கிறது, அந்தக் குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரே ஒரு வகைச் செல்லில் இருந்த வித்தியாசம்!

அதற்காக விலங்குகளில் நடப்பதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நாய் ஒவ்வாமை அரிப்பில் ராத்திரி முழுக்கச் சொறிந்து, காதோரம் தோல் உரிந்து ரத்தம் கசியும். நாய்க்கு அந்த அரிப்பைக் கொடுப்பதில் முக்கியமான சைட்டோகைன் இன்டர்லூகின்-31. அதன் சேதியை உள்ளே கடத்துவது ஜாக் வகைக் கைனேஸ்கள். அவற்றைத் தடுக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரைக்கு 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; அதற்கு முந்தின வருடம்தான் அதே குடும்பத்து டோஃபாசிட்டினிப் மனிதர்களின் முடக்குவாதத்துக்கு வந்திருந்தது. கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்து, முதல் மாத்திரை போட்ட அன்று ராத்திரி வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து போய் மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. (உங்கள் மாத்திரையை உங்கள் செல்லத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.) மனிதர்களுக்கான ஜாக் தடுப்பான்களுக்கு 2021ல் அமெரிக்க மருந்துத் துறை கடுமையான எச்சரிக்கை சேர்த்தது: மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் அபாயம். அந்த மருந்துகள் இன்றும் பயன்பாட்டில்தான் இருக்கின்றன, ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக் கொடுக்கிறார்கள்.

எனவே, மூன்று நண்பர்களுக்கும்: செய்தியில் சொல்லும் கட்டுரையைத் திறந்து, மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். எலிக்கு எண்டோடாக்சின் ஊசி போடுவதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிடும் ஆய்வுகள் நிறைய உண்டு. காய்ச்சலோடு மருத்துவமனை வாசலில் வந்து நிற்பவருக்கு அந்த நேரம் எப்போதோ கடந்துபோயிருக்கும்.