குறைவான எச்.ஓ.ஏ. கட்டணத்தைப் பார்த்து காண்டோ வாங்காதீர்கள்

அமெரிக்காவில் காண்டோ, அதாவது அடுக்குமாடியில் சொந்த வீடு, பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது "எச்.ஓ.ஏ. எவ்வளவு?" என்றுதான். எச்.ஓ.ஏ. என்பது கட்டிடத்தின் உரிமையாளர்கள் சங்கம்; பொதுப் பராமரிப்புக்கு அது மாதாமாதம் வசூலிப்பதுதான் இந்தக் கட்டணம். ஒரு கட்டிடத்தில் மாதம் 650 டாலர், அடுத்ததில் 380 டாலர் என்றால், 380 டாலர் கட்டிடம்தான் நல்லது என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. நான் நேர் எதிராகச் சொல்வேன். முப்பது வருடப் பழைய கட்டிடத்தில் கட்டணம் இவ்வளவு குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். இத்தனை வருடம் குடியிருந்தவர்கள் கட்டாமல் விட்ட பணம் அங்கே பாக்கி நிற்கலாம். அதைக் கட்டப்போவது நீங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 யூனிட் உள்ள கட்டிடம், கூரை மாற்ற 6 லட்சம் டாலர், கூரையின் ஆயுள் 25 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24,000 டாலர் ஒதுக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு வருடம் 400, மாதம் 33 டாலர் சொச்சம். 15 வருடம் முடியும்போது ரிசர்வில், அதாவது பெரிய பழுதுகளுக்கென்று சங்கம் சேர்த்துவைக்கும் நிதியில், கூரைக்கென்று 3.6 லட்சம் இருக்க வேண்டும். 90 ஆயிரம்தான் இருக்கிறது என்றால், அந்த நிதி போதுமா என்று கணக்கிடும் ரிசர்வ் ஸ்டடி அறிக்கையில் "25 சதவீதம் ஃபண்டட்" என்று எழுதியிருப்பார்கள். அதன் பிறகும் யாரும் எதுவும் சேர்க்காமல் விட்டால், கூரை மாற்றும் நாளில் 5.1 லட்சம் குறையும். வீட்டுக்கு 8,500 டாலர். இப்படி மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாக வசூலிப்பதுதான் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். விலைவாசி ஏற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. லிஃப்ட், தண்ணீர்க் குழாய், பார்க்கிங் தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங், வெளிச்சுவர் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு உண்டு. தொகையும் எல்லாருக்கும் சமமாக வராது. கட்டிடத்தின் மூல ஆவணமான காண்டோ டிக்ளரேஷனில் உங்கள் யூனிட்டுக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று எழுதியிருக்கிறதோ, பெரும்பாலும் அந்தக் கணக்குப்படிதான் பிரிப்பார்கள்.

15 வருடம் இருந்து, மாதாமாதம் அந்த 33 டாலரில் பெரும்பகுதியை மிச்சம் பிடித்து, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் இந்த அசெஸ்மென்ட்டில் எதுவும் கட்டவில்லை. போன மாதம் சாவி வாங்கியவர் முழுதும் கட்டுகிறார். கட்டணத்தைக் கூட்டாத போர்டுக்கு, அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குக் கைதட்டும் எல்லாரும் இந்த அநியாயத்துக்குத் துணை போகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இது பணத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடில் இருந்த சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத், 12 மாடி, 136 யூனிட். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடிய வாட்டம் இல்லை, வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுப்போய் கீழே கான்கிரீட் அரித்துக்கொண்டிருக்கிறது என்று 2018லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். வருடக்கணக்காக வாக்குவாதம் நடந்தது. 2021 ஏப்ரலில்தான் 1.5 கோடி டாலர் அசெஸ்மென்ட் நிறைவேறியது. ஒரு யூனிட்டின் பங்கு சுமார் 80,000 டாலரில் தொடங்கி 3.3 லட்சத்தைத் தாண்டியது. கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. ஜூன் 24 அதிகாலையில் கட்டிடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஃப்ளோரிடா சட்டத்தை இறுக்கியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்கு 30 வருடம் ஆனதும் கட்டமைப்புச் சோதனை. கடற்கரைப் பக்கம் உள்ளூர் நிர்வாகம் 25 வருடத்திலேயே கேட்கலாம். கூரை, தாங்குசுவர் போன்றவற்றுக்கான ரிசர்வை "இந்த வருடம் வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டுத் தள்ளிவைக்கும் பழைய வசதியும் போனது. 2025இல் கெடுவிலும் பணம் திரட்டும் முறையிலும் சில தளர்வுகள் கொடுத்தார்கள். ஆனால் கடமை போகவில்லை.

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். 2015இல் பெர்க்லியில் மரச்சட்டம் உளுத்துப்போன ஒரு பால்கனி உடைந்து விழுந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். மரம் தாங்கும் பால்கனி, வெளிநடை போன்றவற்றை ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற காண்டோ சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. முதல் சோதனைக்கான கெடு 2025 ஜனவரி 1. உங்கள் கட்டிடத்தில் அந்த அறிக்கை வந்துவிட்டதா? எழுதிக் கேளுங்கள்.

சரி, அசெஸ்மென்ட் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது. என்ன உரிமை இருக்கிறது என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் மாதக் கட்டணத்தை முந்தைய வருடத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூட்டவோ, அந்த வருட பட்ஜெட் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டி ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போடவோ உரிமையாளர்களின் ஓட்டு வேண்டும். போர்டு தானாகச் செய்ய முடியாது. இதற்கு விதிவிலக்கு அவசரநிலை: கோர்ட் உத்தரவு, உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து, அல்லது பட்ஜெட் போடும்போது எதிர்பார்த்திருக்க முடியாத செலவு. இந்த மூன்றாவதைத்தான் பல போர்டுகள் தாராளமாக இழுக்கின்றன. அதைச் சொல்லி வசூலிக்க வேண்டுமானால், ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்று காரணம் எழுதி முதலில் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். 25 வருட ஆயுள் உள்ள கூரை 26ஆம் வருடத்தில் ஒழுகுவது யாருக்கும் எதிர்பாராத செய்தி ஆகாது.

இல்லினாயில் வேறு மாதிரி. அந்த வருடத்து மொத்த வசூல் போன வருடத்தின் 115 சதவீதத்தைத் தாண்டினால், 20 சதவீத ஓட்டு உள்ளவர்கள் 21 நாளுக்குள் மனு கொடுத்து, 30 நாளுக்குள் கூட்டம் கூட்ட வைக்கலாம். அந்தக் கூட்டத்தில் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் எதிராக விழுந்தால்தான் தீர்மானம் செத்தது. வராதவர் ஓட்டு போர்டுக்குச் சாதகமாகவே போகும். அதனால் மனுவில் கையெழுத்து வாங்கும்போதே ப்ராக்ஸியும் (அவருக்குப் பதில் ஓட்டுப் போடும் அதிகாரமும்) வாங்கிவிடுங்கள். ஃப்ளோரிடாவில் அசெஸ்மென்ட் பேசும் போர்டு கூட்டத்துக்கு 14 நாள் முன்னால் நோட்டீஸ் வர வேண்டும், எதற்கு, சுமார் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். வசூலித்த பணத்தைச் சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கோபத்தில் பணத்தை நிறுத்தாதீர்கள். "லிஃப்ட் வேலை செய்யவில்லை, அதனால் கட்டவில்லை" என்பது வாடகை வீட்டுப் பழக்கம். காண்டோவில் அது எடுபடாது. கலிஃபோர்னியாவில் 15 நாள் தாண்டினால் லேட் ஃபீ, 30 நாள் தாண்டினால் 12 சதவீதம் வரை வட்டி. பிறகு வக்கீல் செலவு, வீட்டின் மேல் லீன், அதாவது கடன் பாத்தியதை. அசல் பாக்கி 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதம் தாண்டினாலோ வீட்டை ஏலத்தில் விடும் ஃபோர்க்ளோஷர் வரைக்கும் போகலாம். தொகை தப்பு என்று உறுதியாக இருந்தால் "எதிர்ப்புடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போக அங்கே சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் கெடு தேதிக்கு முன்பே தவணை கேட்டு எழுதுங்கள். கெடு போன பிறகு கேட்டால் உங்கள் ஃபைல் வக்கீல் மேஜையில் இருக்கும்.

பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். நிஜமான கசிவு அதற்குப் பிறகுதான். ஒரே ஒரு காண்ட்ராக்டரிடம் விலை வாங்கி வேலையைக் கொடுப்பார்கள். அவரே அளவும் எடுத்து, அவரே வேலை முடிந்தது என்று சான்றும் சொல்வார். கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தபின் "நினைத்ததைவிட அதிகம் கெட்டிருக்கிறது" என்று கூடுதல் பணம் கேட்கும் சேஞ்ச் ஆர்டர் வரும், ரெண்டாவது அசெஸ்மென்ட் வரும். கான்கிரீட் வேலையில் உள்ளே என்ன இருக்கும் என்பது உடைக்கும்வரை தெரியாது என்பது உண்மைதான். அதற்காகத்தான் சதுர அடிக்கு இவ்வளவு என்ற யூனிட் விலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். காண்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத பொறியாளர் அளந்து கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாக வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் லீன் ரிலீஸ், அதாவது பணம் வந்தது, லீன் போடமாட்டோம் என்ற எழுத்து, வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காண்ட்ராக்டர் பணம் கொடுக்காத சப்ளையர் உங்கள் கட்டிடத்தின் மேல் லீன் போடுவார். கூட்டத்தில் எழுந்து இந்த மூன்றையும் கேட்க ஒருவர் இருந்தாலே போர்டு நிமிர்ந்து உட்காரும்.

அசெஸ்மென்ட்டை இன்ஷூரன்ஸ் கட்டிவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. காண்டோ உரிமையாளர் தனக்கென்று எடுக்கும் எச்ஓ-6 பாலிசியில் "லாஸ் அசெஸ்மென்ட்" கவரேஜ் உண்டு. ஆனால் தீ, புயல் மாதிரி பாலிசி ஏற்கும் சேதத்துக்குத்தான் அது. பழசாகித் தேய்ந்த கூரைக்குக் கிடைக்காது. பல பாலிசிகளில் அது 1,000 டாலர்தான் இருக்கும், ஏற்றிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்கள், மேம்பாட்டுக்காகக் கட்டிய ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டை அந்த வருடமே செலவாகக் காட்ட முடியாது, தேய்மானமாகத்தான் எடுக்கலாம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. ரிசர்வ் ஸ்டடி, பட்ஜெட், கடைசி இரண்டு வருட போர்டு மினிட்ஸ் (கூட்டக் குறிப்புகள்), பொறியாளர் அறிக்கைகள், பாக்கி வைத்திருக்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கை, இவை கைக்கு வராமல் ஒப்பந்தத்தின் பின்வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். 60 நாளுக்கு மேல் பாக்கி உள்ள யூனிட்டுகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி கடன் கிடைப்பதே சிக்கல். நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே சிக்கல்தான். மினிட்ஸில் "நீர்க்கசிவு", "பொறியாளரிடம் விலை கேட்பது", "வங்கிக் கடன்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அசெஸ்மென்ட் வரும் வழியில் இருக்கிறது. விற்பவர் "இப்போது எந்த அசெஸ்மென்ட்டும் இல்லை" என்று சொல்வது பொய்யாக இருக்காது, ஏனென்றால் போர்டு இன்னும் ஓட்டுப் போடவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் ஏற்கனவே விதிக்கப்பட்டது மட்டும் என்று விட்டுவிடாமல், க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, முன் போர்டு பேசிக்கொண்டிருந்த வேலைக்கு வரும் தொகையும் விற்பவர் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவில் பழைய உரிமையாளர் வைத்த பாக்கிக்குப் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. பாக்கி எவ்வளவு என்று சங்கம் எழுதிக் கொடுக்கும் எஸ்டாப்பல் சர்டிஃபிகேட் கையில் இல்லாமல் அங்கே க்ளோசிங் மேஜையில் உட்காராதீர்கள்.