பனிக்குள் அடைபட்ட காற்று

அண்டார்டிகா ஆய்வு நிலையங்களுக்கு ஆகும் செலவை உங்கள் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. ஆனால் அங்கே துளையிட்டு எடுக்கும் பனித்தண்டுகளை (நீண்ட உருளை வடிவப் பனித் துண்டுகளை) பற்றி ஒரு வரிகூட இல்லையே! என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். பனி அடுக்கடுக்காக விழுந்து இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றும் குமிழிகளாக உள்ளே சிக்கிக்கொள்கிறது. அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 3 கி.மீ.க்கும் மேல் துளையிட்டார்கள். அந்தப் பனியிலிருந்து 8 லட்சம் ஆண்டுகளின் காற்றை அளக்க முடிந்தது. தொழிற்புரட்சிக்கு முன்புவரை, அவ்வளவு நீண்ட காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2025 ஜனவரியில், அதே வட்டாரத்தில் 12 லட்சம் ஆண்டுப் பழைமையான பனியும் கிடைத்திருக்கிறது. செலவை எழுதும்போது தயவுசெய்து இதையும் சேர்த்து எழுதுங்கள்.